கிடாரத்தின் மிதப்பைக் கட்டியது யார்?

ஐஸ் தொழிற்சாலை ஒன்று. வள்ளம் பழுதுபார்க்கிற பட்டறை இரண்டு. பெண்பிள்ளைகள் மூவருக்கும் மூன்று கல்வீடு. மாரிக்கு வெள்ளம் நிற்காத ஒரேயொரு மதகு, எங்கள் கடற்கரை வீதியில். இவ்வளவும் நான் கட்டியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இல்லை, பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி சொல்வாள், அதை விடுங்கள். ஐஸ் மெசின் பூட்ட வந்த இஞ்சினியர், 'இந்த மண்ணில் உது நிற்காது' என்றார். மெசின் நின்றது. அவர்தான் நிற்கவில்லை, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். வங்கியில் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். இப்போது அதே வங்கியில் என்னைக் கண்டால் கதிரை இழுத்துப் போடுகிறார்கள்.

தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நான் கட்டியவற்றுக்குள் ஆகச் சிறந்த வேலை இந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு முடிச்சு. ஒரு கிணற்றுக்குள், கழுத்தளவு தண்ணீரில், படிக்கட்டுக் கல்லில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று போட்ட முடிச்சு. அந்த முடிச்சைத்தான் சென்ற வெள்ளிக்கிழமை ஊர் கூடி, நாதஸ்வரம் ஊதி, என்னிடமிருந்து பறித்துக்கொண்டது.

எங்கள் ஊர் கீரிமலைக்கு அண்டின கரை. ஊரை விட்டு எழும்பி, கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே இங்கே என்று அலைந்து, இராணுவம் காணிகளை விட்ட பிறகு திரும்பி வந்தவர்கள் நாங்கள். வந்தவர்கள் சேர்ந்து சனசமூக நிலையத்தைப் புதிதாகக் கட்டினோம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நானும் வேட்டி சால்வையோடு போனேன். வாசலில் பளிங்குக் கல். சீமெந்து தந்தவர், ஓடு தந்தவர், கதவு தந்தவர் என்று பெயர்கள். உள்ளே மின்விசிறிகளின் இறக்கையிலும் 'உபயம்' என்று சிவப்பு எழுத்தில் பெயர். சுற்றும்போது ஒருவராலும் வாசிக்க முடியாது, ஆனாலும் பெயர் இருக்கிறது.

மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் எங்கள் ஊரின் செப்புக் கிடாரம், ஊருக்கே சோறு காய்ச்சுகிற அண்டா. மேலே பெரிதாக ஐந்து ஆங்கில எழுத்து: எல், ஏ, ஜி, ஏ, என். லகன். கீழே தமிழில்: 'பழைய பிரெஞ்சுச் சொல். மீட்டெடுக்கும் எண்ணத்தோடு அடையாளமிட்டு நீருக்கடியில் விடப்பட்ட பொருள். இடம்பெயர்ந்த நாளில் பெயர் தெரியாத கைகள் இதைக் கிணற்றில் இறக்கின.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

"என்ன, முகம் கறுத்துப் போச்சுது?" என்றாள் மனைவி.

"உதை வாசி."

"நான் கண்ணாடி கொண்டு வரேல்லை."

"பெயர் தெரியாத கைகளாம்!"

"ஆரின்ரை கை?"

"என்ரை கையடி!"

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன். அந்த வடையை வைச்சிட்டுப் போங்கோ."

வைக்கவில்லை. கோபத்தில் எனக்குக் கையில் இருப்பது மறந்துவிடும்.

சொல்லப் போவதற்கு முன் பெட்டியின் இடுக்கில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். வார்னிஷ் மணம்! செப்புக் கிடாரத்துக்கு வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் செம்பிலிருந்து ஒரு புளித்த மணம் எழும்பும், தெரியுமா உங்களுக்கு? அந்த மணம் ஒழுங்கையில் வந்தால், எந்த வீட்டிலோ கலியாணம் அல்லது செத்தவருக்கு அந்தியேட்டி என்று அர்த்தம். கிடாரம் ஊர்ப் பொதுச் சொத்து. நிலையத்தின் தலைவராக இருந்த மாஸ்ரர் வீட்டில் கிடக்கும். தேவைப்பட்டவர்கள் போய்க் கேட்டு வாங்கி வருவார்கள். முதல் நாள் பெண்கள் சுற்றிக் குந்தியிருந்து தேய்ப்பார்கள். தேய்க்கிறபோதே பாதி ஊரின் சங்கதி கழுவுப்பட்டுவிடும்.

'தேவைப்பட்டவர்கள்' என்று எழுதினேன். திருத்த வேண்டும். கரைப்பக்கம் இருந்த எங்களுக்கு அது வந்ததில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதிக் கிடக்கவில்லை. நாங்கள் போய்க் கேட்டால் அன்றைக்கு யாரோ முதலே கொண்டுபோயிருப்பார்கள், அல்லது ஈயம் பூசக் கொடுத்திருப்பார்கள். என் கலியாணத்துக்கு மூன்று வீட்டுப் பானைகளை இரவல் வாங்கித்தான் சோறு காய்ச்சினார்கள். மூன்று பானைச் சோறும் மூன்று பதம். அதை மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மாஸ்ரர் வீட்டுக் கிணறும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். அவருடையது நல்ல தண்ணீர். ஆனால் நாங்கள் அதில் வாளி போடுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு நியாயம் வைத்திருப்பார்கள். அதனால் கேட்பதுமில்லை.

இனி அந்த ஆனி மாதத்துக்கு வருகிறேன். ஷெல் விழத் தொடங்கி, ஊர் எழும்பிய மாதம். சைக்கிள் கரியரில் பாயும் தலையணையும் கட்டி, பாரில் சின்னவளை இருத்தி, மற்ற இரண்டு பேரையும் நடத்தி, நானும் மனைவியும் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தோம். மாஸ்ரர் படலைக்குள் நின்று கூப்பிட்டார்.

"டேய், உன்னைத்தான். உள்ளுக்கு வா."

"நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ, மாஸ்ரர்?"

"உதை விட்டிட்டு எப்பிடியடா வெளிக்கிடுறது?"

விறாந்தையில் கிடாரம் குந்தியிருந்தது, பந்தி முடிந்தும் எழும்பாத கொழுத்த மாமனாரைப் போல.

"தாட்டு விடுவம்" என்றார்.

"புது மண்ணைக் கண்டால் வாறவன் கிண்டுவான்."

"அப்ப கிணத்துக்கை போடுவம்."

"போடலாம். பிறகு எப்பிடி எடுப்பியள்? சேத்துக்கை புதைஞ்சிடும். மிதப்புக் கட்டவேணும்."

"மிதப்பைக் கண்டால் வாறவன் எடுக்கமாட்டானோ?"

"தெரியிற மாதிரிக் கட்டினால் எடுப்பான்தான்."

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். கடலில் மீன்கூடு தாழ்க்கிறவர்கள் மிதப்பைத் தண்ணீருக்கு மேலே விட்டால் அடுத்த வள்ளக்காரன் கூட்டைத் தூக்கிவிடுவான். அதனால் கயிற்றைக் குறுக்கிக் கட்டுவோம். மிதப்பு மேலே வராது. தண்ணீருக்குக் கீழே, கண்ணுக்குப் படாத ஆழத்தில் நிமிர்ந்து நிற்கும். கட்டினவனுக்கு இடம் தெரியும்; கொக்கியை விட்டு இழுத்தால் கயிறு அகப்படும். அதையே கிணற்றில் செய்யலாம் என்று அந்த நேரத்தில், அந்தச் சத்தத்துக்குள், யாருக்கு யோசனை வந்தது? எனக்கு வந்தது.

கடும் கோடையில் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் இறங்கும் என்று மாஸ்ரரிடம் கேட்டேன். காட்டினார். அதற்கும் கீழே மிதப்பு நிற்கிறமாதிரி அளவு வைத்தேன். வலை மிதப்புகள் சைக்கிளில் கிடந்தன. நைலோன் கயிறு ஒன்று அகப்பட்டது. கிடாரத்துக்கு இரண்டு பக்கமும் வளையம். நான் ஒரு வளையத்தில் மட்டும் கட்டினேன்.

"மற்ற வளையத்துக்கு?" என்றார் மாஸ்ரர்.

"இரண்டிலையும் கட்டினால் தண்ணியோட நேரே எழும்பும். ஒரு யானையும் காணாது இழுக்க. ஒண்டிலை கட்டினால் சரிஞ்சு, தண்ணியை ஊத்திக்கொண்டு வரும்."

"உனக்குக் கணக்கு வராதெண்டு ஆரடா சொன்னது?"

"நீங்கள்தான்!"

அவர்தான் எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்கும் படிப்பித்தவர். இங்கிலீஷ் மாஸ்ரர் என்றாலும் அந்த வருஷம் கணக்கும் அவர் தலையில்தான் விழுந்தது. என் தலையில் குட்டு விழுந்தது. ஷெல்லுக்கு நடுவிலே அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

கிடாரம் தண்ணீர் குடித்துத் தாழ்ந்தபோது நானும் கூடவே இறங்கினேன், கயிறு கல்லிடுக்கில் மாட்டாமல் பார்க்க. முடிச்சை இறுக்குகிறபோது கால் வழுக்கியது. அந்தக் கிணற்றின் நல்ல தண்ணீரை நான் முதன்முதலாகக் குடித்தது அன்றைக்குத்தான், மூக்காலும் வாயாலும்.

மேலே ஏறி வந்து தலையைத் துவட்டினேன். மாஸ்ரர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தண்ணீர்தான் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"லகன்" என்றார்.

"என்ன?"

"நீ இப்ப செய்ததுக்கு இங்கிலீஷிலை ஒரு சொல் கிடக்கு. இங்கிலீஷ்காரனிலையும் ஆயிரத்திலை ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

மாஸ்ரர் படிப்பிக்க வருமுன் இளவயதில் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கப்பல் சேதமானால் கரைக்கு வருகிற சாமானை எந்த வகை என்று பதிய வேண்டுமாம். நான்கு சொல் சொன்னார். இங்கிலீஷ் ஒலி எனக்கு ஒன்றுதான் நின்றது. மற்றவற்றைப் பொருளாக வைத்திருக்கிறேன். கப்பல் உடைந்து தானாக மிதந்து வந்தது ஒன்று. பாரம் குறைக்க எறிந்தது ஒன்று. கடலின் அடியில் கிடந்தாலும், 'இது என்னுடையது, திரும்பி வருவேன்' என்று மிதப்புக் கட்டி விட்டது ஒன்று, அதுதான் லகன். நாலாவது, திரும்பும் எண்ணமே இல்லாமல் கைவிட்டது. சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நியாயம். மிதப்புக் கட்டினால் உரிமை அறாது. ஒருமுறை புயலில் அகப்பட்ட பாய்க்கப்பல் ஒன்று நங்கூரச் சங்கிலியைக் கழற்றி, வெறும் பீப்பா ஒன்றைக் கட்டி விட்டுப் போனதாம். பிறகு வந்து, 'லகன்' என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாம்.

"உது ஆரின்ரை சொல், மாஸ்ரர்?"

"பிரெஞ்சிலை இருந்து வந்ததெண்டு புத்தகத்திலை கிடக்கு. ஆனால் அவங்களுக்கு வடக்குக் கடல் ஆக்களிட்டை இருந்து வந்திருக்கவேணுமெண்டு சொல்லினம். அவங்கடை பாசையிலை கடலிலை விரிச்சு விடுற வலைக்கு உதைப்போல ஒரு பேராம். கட்டுறது எண்ட லத்தீன் சொல்லெண்டும் முந்தி சொன்னவை, அது சரியில்லையாம்."

"அப்ப வலைக்காரன்ரை சொல் எண்டுறியள்."

"ஓமடா. உங்கடை ஆக்களின்ரை சொல்தான்."

'உங்கடை ஆக்கள்' என்று அவர் அதுவரை எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு இனித்தது. இனித்த வாயோடு கேட்டேன்:

"திரும்பி வந்து எடுக்கேக்கை, நான்தான் கட்டினனான் எண்டு ஊருக்குச் சொல்லுவியளோ?"

"மிதப்புக் கட்டினவன்ரை பேரைச் சொல்லாட்டி அது லகனே இல்லையடா. சொல்லுவன்."

சொல்லியிருப்பார். சொன்ன சொல் மாறாத மனிசன். ஆனால் உடுப்பிட்டியில் உறவினர் வீட்டில் இருந்தபோது கண்ணை மூடிவிட்டார். திரும்பி வந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவரைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று, ஒரு கிணற்றுச் சங்கதி என்னிடம் மட்டும் மிஞ்சிவிட்டது என்று எனக்குப் பட்டது. பிறகு ஐஸ் தொழிற்சாலை, பட்டறை என்று எத்தனையைக் கட்டினாலும், தண்ணீருக்கடியில் நிமிர்ந்து நிற்கிற அந்த மிதப்பு மனதுக்குள் ஆடிக்கொண்டேயிருந்தது.

திரும்பி வந்தபோது ஊர் இல்லை. மதில் இல்லை, ஒழுங்கை இல்லை, மாஸ்ரர் வீட்டின் ஒரு கல்லும் இல்லை. எங்கும் பற்றை. கிணற்றுக்கட்டு இடிந்து, வாயைச் செடி மூடிக் கிடந்தது. நான்தான் பற்றையை வெட்டுவித்து, பாதாளக்கரண்டியை இறக்கினேன். தடவித் தடவிப் பார்த்தேன். 'கிடாரமும் மண்ணாங்கட்டியும்' என்று யாரோ ஒருவன் சிரித்தான். கரண்டி எதையோ பிடித்தது. இழுத்தோம். முதலில் மிதப்புகள் பாசியோடு வந்தன. பிறகு கயிறு. பிறகு கிடாரம், சரிந்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டு, நான் சொன்னபடியே வந்தது. சிரித்தவனும் கை தட்டினான். அன்றைக்கு நின்ற அத்தனை பேருக்கும் தெரியும் யார் கட்டியது என்று. இன்றைக்கு அவர்களைக் கேட்டால், 'நாங்கள் எல்லாரும் சேர்ந்துதானே இழுத்தனாங்கள்' என்கிறார்கள். நான் கேட்பது இழுத்ததையா?

மாஸ்ரரின் மகன் ரமணன் லண்டனில் ஏதோ கல்லூரியில் படிப்பிக்கிறவர். இடம்பெயர்ந்த நேரம் ஊரில் இல்லை. கிடாரம் எடுத்த செய்தி கேட்டு வந்து, என் வீட்டு விறாந்தையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, கைத்தொலைபேசியில் என் கதையைப் பதிவு செய்தார். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"லகனோ? நான் கேள்விப்பட்டதே இல்லை, ஐயா. எழுத்துச் சொல்லுங்கோ."

சொன்னேன். மாஸ்ரர் எனக்கு மணலில் எழுதிக் காட்டிய எழுத்து. எங்கள் ஆட்கள் ஐந்தெழுத்து என்றால் வேறொன்றைச் சொல்வார்கள். எனக்கு இது இரண்டாவது ஐந்தெழுத்து.

"அப்பாவோ சொன்னவர்?" என்று கேட்டபோது அந்தப் பிள்ளையின் கண் கலங்கியது. கெட்ட பிள்ளை இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதல்.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை மேடையில் ரமணன் என்ன பேசினார்? 'லண்டன் நூலகம் ஒன்றில், பழைய அகராதி ஒன்றில் இந்தச் சொல்லைக் கண்டேன்' என்றார். கண்டிருப்பார். போய்ப் பார் என்று சொன்னது யார்? கை தட்டல் அடங்கினதும் நான் எழும்பினேன்.

"தம்பி, உந்தப் பெயர் தெரியாத கை இஞ்சைதான் நிக்குது. வடையோட நிக்குது."

சனம் சிரித்தது. ரமணன் இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"ஐயா, அது ஒரு குறியீடு. எல்லாற்றை கையையும் குறிக்குது."

"எல்லாற்றை கையுமோ கிணத்துக்கை இறங்கினது?"

"ஒருத்தற்றை பேரைப் போட்டால் மற்றாக்கள் குறை சொல்லுவினம்."

"ஃபானுக்குப் பேர் போட்டிருக்கிறியள். அதுக்கு ஆரும் குறை சொல்லேல்லையோ?"

"அது உபயகாரர், ஐயா."

"அப்ப நான் ஆர்?"

நிலையத்தின் இப்போதைய தலைவர் வந்து, "அண்ணை, விழா நேரத்திலை ஏன் கதை? பிறகு கதைப்பம்" என்று என்னைக் கதிரைக்குக் கொண்டுபோனார். பிறகு என்பது இன்னும் வரவில்லை.

கிடாரத்தைக் காட்சிக்கு வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். அழகுக்காக இரண்டு வளையத்திலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். மிதப்புகளை மேலே தொப்பி போல வைத்திருக்கிறார்கள். அப்படிக் கட்டியிருந்தால் முதல் கிழமையிலேயே எவனாவது கண்டு தூக்கியிருப்பான். இல்லாவிட்டால் இன்றைக்கும் சேற்றுக்குள் கிடந்திருக்கும். பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், 'பெயர் தெரியாத ஆள் ஒரு மடையன்' என்றல்லவா நினைப்பார்கள்!

அதே மண்டபத்தில் இரண்டு நாள் கழித்து, ஞாயிறு, ஒரு கலியாணம் நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சனம் படம் பிடித்தது. சாப்பாடு யாழ்ப்பாணத்தில் இருந்து வான் வண்டியில் வந்தது, ஆளுக்கொரு பெட்டி. கிடாரம் இப்போது ஒரு பக்கத்துக்கும் இல்லை, கரைக்குமில்லை, மேட்டுக்குமில்லை. புளிச் சாம்பல் மணம் இல்லை, ஒழுங்கையில் குந்தியிருந்து ஊர்க்கதை கழுவுகிற பெண்கள் இல்லை, குட்டிய மாஸ்ரரும் இல்லை. இதற்கெல்லாம் நான் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. போனது போனதுதான். ஆனால் நான் போகவில்லை. உயிரோடு, நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன்.

இதை எழுதி மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு,

"இஞ்சாருங்கோ, நைலோன் கயிறு அகப்பட்டதோ?" என்றாள்.

"ஓம்."

"எங்கை அகப்பட்டது?"

நான் யோசிக்க முதல் அவளே சொன்னாள்:

"சைக்கிள் கரியரிலை பாய் கட்டியிருந்த கயிறு. நான் அவிட்டுத் தந்தனான். உடுப்பிட்டி வரைக்கும் பாயையும் தலையணையையும் தலையிலை சுமந்தது ஆர்? மாஸ்ரரோ?"

அவள் சொல்வது சரி. கழுத்து பிடித்து ஒரு கிழமை படுத்தாள். பெயர் தெரியாத கை என்று எழுதியவனோடு சண்டைக்குப் போன நானே, ஒரு கயிற்றை வானத்திலிருந்து விழுந்ததாக எழுதியிருக்கிறேன். அந்த வரியை மேலே அப்படியே விட்டிருக்கிறேன். நீங்களும் பார்க்கவேண்டும் என்று.

ஆகவே நிலையத்தாருக்கும் ரமணனுக்கும் என் கேள்வி இதுதான். உங்கள் பலகையில் நீங்களே எழுதிய சொல்லின் பொருள் என்ன? மிதப்புக் கட்டி, உரிமை சொல்லி, தண்ணீருக்குள் விட்ட பொருள். உரிமை சொன்னவனுக்குப் பெயர் இல்லையென்றால் அது மாஸ்ரர் சொன்ன நாலாவது சொல், கைவிட்டது. அப்படியென்றால் அந்த ஐந்து எழுத்தையும் கழற்றிவிட்டு அதை எழுதுங்கள். கிடாரத்தை நாங்கள் கைவிடவில்லை. லகன் என்ற சொல் அங்கே நிற்க வேண்டுமென்றால், கயிற்றை ஒரு வளையத்தில் கட்டுங்கள், மிதப்பைக் கீழே இறக்குங்கள், 'பெயர் தெரியாத' என்பதை அழித்துவிட்டு இரண்டு பெயர் எழுதுங்கள். கயிறு அவளுடையது. முடிச்சு என்னுடையது. இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் ரமணன் என் வீட்டு விறாந்தைக்கு வரட்டும். ஏற்கெனவே ஒரு சொல்லுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன்தானே நான்.